ஜெல்லின் விறைப்பை மட்டும் சரிசெய்தால் ஸ்டெம் செல் எலும்பாகிவிடுமா?

இளங்கதிர்

வணக்கம் நண்பர்களே. முதுநிலை இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த மென்மையான வலைப்பொருள்) செய்துகொண்டிருக்கிறேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மீசன்கைமல் ஸ்டெம் செல்களை (எலும்பு, கொழுப்பு எனப் பல வகைச் செல்லாக மாறக்கூடியவை) கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் ஜெல்லுக்குள் வைத்து எலும்பு செல்லாக மாற்ற வேண்டும் என்பதுதான் திட்டம்.

2006-ல் எங்க்லர், டிஷர் குழு வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தத் துறையில் பிடிப்பே வந்தது. ஒரே செல், ஒரே ஊடகம் (செல்லை வளர்க்கும் திரவம்), பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கை ஜெல்லின் விறைப்பு மட்டும் வேறு. மூளை போல மென்மையான 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் (விறைப்பின் அலகு) ஜெல்லில் நரம்பு செல்லின் சாயல், தசை போன்ற 8 முதல் 17-ல் தசையின் சாயல், 25 முதல் 40-ல் எலும்பின் சாயல். மருந்து எதுவும் இல்லாமல் பொருளின் குணம் மட்டுமே ஒரு செல்லின் போக்கை மாற்றுகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆகவே நான் ஆல்ஜினேட்டை 30 கிலோபாஸ்கலில் வைத்துவிட்டால், வளர்ச்சிக் காரணிகள் (செல்லைத் தூண்டும் புரதங்கள்) எதுவும் சேர்க்காமலே எலும்பு வந்துவிடுமா? என் வழிகாட்டி "செய்து பார்" என்கிறார். செய்வதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நுண்வலை

தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு எண்ணை நம்பி இறங்காதீர்கள். அந்த ஆய்வு தவறு என்பதால் சொல்லவில்லை. செல் அங்கே எதை உணர்ந்தது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

செல் தன் சுற்றுப்புறத்தைப் பிடிப்பது இன்டெக்ரின் என்ற புரதங்களால். அதன் ஒரு முனை வெளியே கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களைப் பற்றும். மறுமுனை செல்லுக்குள் ஆக்டின் இழைகளோடு சேர்ந்திருக்கும். மயோசின் என்ற புரதம் அந்த இழைகளை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். சேற்றில் நிற்பவரால் கயிறு இழுக்க முடியாது, கெட்டித் தரையில் கால் ஊன்றியவரால் முடியும். செல்லுக்கும் அதே கதைதான். பரப்பு விறைப்பாக இருந்தால் இழுவிசை ஏறும், பிடிமானப் புள்ளிகள் பெரிதாகும், ஆக்டின் கற்றைகள் தடிக்கும். 2006 ஆய்விலேயே மயோசினை முடக்கும் பிளெபிஸ்டாட்டினைச் சேர்த்ததும் விறைப்புக்கு ஏற்ற மாற்றங்கள் நின்றுபோயின. அதாவது, இழுத்துப் பார்க்க முடியாத செல்லுக்கு விறைப்பு என்ற ஒன்றே கிடையாது.

இந்த இழுவிசை செல்லின் கருவுக்குள் (நியூக்ளியஸ்) எப்படிப் போகிறது என்பதற்கு 2011-ல் பிக்கோலோ குழு ஒரு முக்கியமான துண்டைக் கண்டுபிடித்தது. செல் நன்றாகப் பரவி இழுத்துக்கொண்டிருந்தால் யாப், டாஸ் என்ற இரண்டு புரதங்கள் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். மென்மையான பரப்பில் அவை வெளியே சைட்டோபிளாசத்தில் தங்கிவிடும்.

இப்போது 1997-க்கு வாருங்கள். சென், இங்பர், வைட்சைட்ஸ் குழு கண்ணாடியில் புரதத் தீவுகளை அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு இரத்தக்குழாய்ச் சுவர் செல்லை உட்கார வைத்தது. சின்னத் தீவில் ஒடுங்கிய செல் இறந்தது, பெரிய தீவில் பரவிய செல் பிழைத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படிதான். ஒரே பெரிய தீவுக்குப் பதிலாகப் பல குட்டிப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி அச்சிட்டார்கள். செல் தொடும் புரதத்தின் மொத்தப் பரப்பு கூடவில்லை, ஆனால் செல் புள்ளிகளுக்கு மேல் விரிந்து படர முடிந்தது. அது பிழைத்தது. எவ்வளவு புரதத்தைத் தொடுகிறது என்பதைவிட எவ்வளவு விரிய முடிகிறது என்பதுதான் அங்கே தீர்மானித்தது.

2004-ல் சென் குழு இதையே ஸ்டெம் செல்லில் செய்தது: பெரிய தீவில் எலும்பு, சிறிய தீவில் கொழுப்பு. ஆனால் கவனியுங்கள், அந்த ஊடகத்தில் எலும்புக்கும் கொழுப்புக்கும் தூண்டும் பொருள்கள் இரண்டுமே இருந்தன. வடிவம் செய்தது தேர்வை மட்டும். உங்கள் கேள்வியின் "எதுவும் சேர்க்காமல்" என்ற பகுதிக்கு இதை ஒரு எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிழை

நுண்வலை சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் விறைப்பு என்று அளப்பது விறைப்புதானா என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

பாலிஅக்ரிலமைடு ஜெல்லை மென்மையாக்க நாம் என்ன செய்கிறோம்? குறுக்குப் பிணைப்பை, அதாவது இழைகளை ஒன்றோடொன்று கட்டும் முடிச்சுகளை, குறைக்கிறோம். அப்படிச் செய்யும்போது துளைகளும் பெரிதாகின்றன, மேலே ஒட்டிய கொலாஜன் ஜெல்லோடு இணையும் புள்ளிகளின் இடைவெளியும் மாறுகிறது. 2012-ல் டிராப்மன் குழு இதைத்தான் கிளப்பியது. சிலிக்கோன் ரப்பரில் விறைப்பை 0.1 கிலோபாஸ்கலிலிருந்து மெகாபாஸ்கல் வரை மாற்றியும் ஸ்டெம் செல்கள் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. ஆகவே செல் உணர்வது கொலாஜன் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் என்றார்கள். 2014-ல் வென், எங்க்லர் குழு பதில் கொடுத்தது. விறைப்பை மாற்றாமல் துளையளவை மட்டும் மாற்றினார்கள், பிறகு புரதத்தை இணைக்கும் வேதிப்பொருளின் அளவை மாற்றினார்கள். இரண்டிலும் செல்லின் போக்கு மாறவில்லை, விறைப்பைத்தான் அது பின்பற்றியது.

பாலிஅக்ரிலமைடைப் பொறுத்தவரை இரண்டாவது தரப்பின் சான்று வலுவானது என்பது என் கருத்து. ஆனாலும் முதல் தரப்பு எழுப்பிய சந்தேகம் துறைக்குப் பெரிய நன்மை செய்தது. அதற்குப் பிறகு எழுதப்படும் நல்ல ஆய்வுகளில் புரதம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்து காட்டாமல் யாரும் விறைப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்று. செல்கள் ஜெல்லுக்கு வரும் முன் எங்கே இருந்தன? பாலிஸ்டைரீன் தட்டில். அதன் விறைப்பு கிகாபாஸ்கல் அளவு (ஒரு கிகாபாஸ்கல் என்றால் பத்து லட்சம் கிலோபாஸ்கல்). உடலில் எலும்பு, பல், தசைநார் போன்ற சிலவற்றைத் தவிர எந்தத் திசுவும் அதன் அருகில்கூட வராது. 2014-ல் கிறிஸ்டி ஆன்செத் குழு காட்டியது இது: கெட்டியான பரப்பில் கொஞ்ச நாள் இருந்த செல்லை மென்மையான ஜெல்லுக்கு மாற்றினால் யாப் கருவைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. நீண்ட நாள் இருந்த செல்லில் அது கருவிலேயே தங்கிவிடுகிறது. பழைய தரையின் நினைவு செல்லில் இருக்கிறது. அதனால் உங்கள் செல்கள் தட்டில் எத்தனை நாள், எத்தனை தலைமுறை வளர்ந்தன என்பதும் சோதனையின் ஒரு பகுதிதான்.

இளங்கதிர்

இருவருக்கும் மிக்க நன்றி. நுண்வலை அக்கா, நீங்கள் சொன்ன எல்லாமே தட்டையான பரப்பின் மேல் செய்தவை. என் செல்கள் ஜெல்லுக்கு உள்ளே அல்லவா இருக்கும்? அங்கேயும் விரிந்தால் எலும்பு, ஒடுங்கினால் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

நுண்வலை

கூடாது. உள்ளே போனதும் விதிகள் மாறிவிடுகின்றன.

மேற்பரப்பில் இருக்கும் செல் மேலே எந்தத் தடையும் இல்லாமல் படரலாம். ஜெல்லுக்குள் அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் வலை. ஆல்ஜினேட்டின் கண்ணி சில நானோமீட்டர்தான், செல்லோ பத்து இருபது மைக்ரான். தவிர, ஆல்ஜினேட்டை அறுக்கும் நொதி நம் செல்களிடம் இல்லை, அதைப் பிடிக்கும் ஏற்பியும் இல்லை. அதனால்தான் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலத் துண்டை, அதாவது ஆர்ஜிடியை, ஆல்ஜினேட்டில் கோத்துக் கொடுக்கிறோம். 1984-ல் ஃபைப்ரோனெக்டினில் செல் பிடிக்கும் இடம் இதுதான் என்று பியர்ஷ்பாக்கரும் ரூஸ்லாட்டியும் காட்டியதுதான் இன்றுவரை நாம் பயன்படுத்தும் கைப்பிடி.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது 2010-ல் ஹியூப்ஷ், மூனி குழு ஆர்ஜிடி சேர்த்த ஆல்ஜினேட்டில் செய்த வேலை. 11 முதல் 30 கிலோபாஸ்கல் வரை எலும்புப் போக்கு வந்தது. ஆனால் செல்கள் உருண்டையாகவே இருந்தன! விரிதல் இல்லாமலே எலும்பு. அவர்கள் பார்த்தது, செல் தன்னைச் சுற்றியிருந்த ஆர்ஜிடியை நானோ அளவில் இழுத்துக் கொத்தாகச் சேர்த்துக்கொண்டதை. ஜெல் மிகவும் மென்மை என்றாலும் மிகவும் கெட்டி என்றாலும் அந்தக் கொத்து சரியாக அமையவில்லை.

பிறகு 2013-ல் பர்டிக் குழு ஹையலூரானிக் அமில ஜெல்லில் காட்டியது இதைவிட ஆழமானது. அறுக்க முடியாத வேதிப்பிணைப்பால் ஆன ஜெல்லில் விறைப்பை எவ்வளவு ஏற்றினாலும் செல்கள் ஒடுங்கிக் கொழுப்புப் பக்கம் போயின. அதே விறைப்பில், செல்லின் நொதி அறுக்கக்கூடிய பிணைப்பை வைத்தபோது அவை வழி வெட்டிக்கொண்டு விரிந்து எலும்புப் பக்கம் போயின. விரிந்து முடித்த செல்லைச் சுற்றி அறுக்க முடியாத பிணைப்பைப் புதிதாகப் போட்டால்? வடிவம் அப்படியே இருந்தது, ஆனால் போக்கு கொழுப்புக்கு மாறியது. ஆகவே வடிவம்கூட இறுதிக் காரணம் இல்லை, இழுத்து நகர்த்த முடிகிறதா என்பதே.

2016-ல் சவுதுரி, மூனி குழு அறுக்காமலேயே ஒரு வழி இருக்கிறது என்று காட்டியது. தொடக்க விறைப்பு ஒன்றாகவே இருக்க, இழுத்துப் பிடித்தால் உள்ளே எழும் தகைவு (எதிர்விசை) பாதியாகத் தளரும் நேரத்தை மட்டும் ஏறத்தாழ ஒரு மணியிலிருந்து ஒரு நிமிடம் வரை மாற்றினார்கள். 17 கிலோபாஸ்கலில் சீக்கிரம் தளரும் ஆல்ஜினேட்டில் செல்கள் வலையை மெல்லத் தள்ளி மாற்றியமைத்து விரிந்தன, எலும்பும் அங்கேதான் அதிகம். உயிருள்ள திசுக்கள் எல்லாமே இப்படித் தளர்பவைதான். நாம்தான் பல ஆண்டுகளாக ரப்பர் போன்ற ஜெல்களை வைத்துச் சோதித்துவந்தோம்.

எனவே 30 என்று ஒரு எண்ணைக் குறிக்கும்போது கூடவே இன்னும் மூன்றைக் குறிக்க வேண்டும்: ஆர்ஜிடி அடர்த்தி, தளரும் நேரம், செல்லால் அறுக்க முடியுமா முடியாதா.

கயல்_விழி

பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன், இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். ஒரு அடிப்படைக் கேள்வி. இதெல்லாம் தட்டிலும் ஜெல்லிலும் நடப்பவை. மனித உடலில் ஒரு பொருளை வைத்து, அது செல்களை வழிநடத்தித் திசு வளர்ந்தது என்று சொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

வெண்சங்கு

எலும்பு அறுவை மருத்துவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். இருக்கிறது அம்மா.

முதலில் தோல். யானஸும் ஜான் பர்க்கும் பெரிய தீக்காயங்களுக்காக உருவாக்கிய கொலாஜன் தாங்கி (செல்கள் உள்ளே வந்து வளர இடம் தரும் துளைச் சட்டகம்). மாட்டுத் தசைநார்க் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் சேர்ந்தது, மேலே சிலிக்கோன் படலம். சும்மா விட்டால் ஆழமான காயம் சுருங்கித் தழும்பாகும். இந்தத் தாங்கி, செல்கள் சுருங்கி இழுக்கும் அந்த வேலையைத் தடுத்து அவற்றைச் சருமத்தின் உட்படை போன்ற ஒன்றைக் கட்ட வைக்கிறது. துளை 20 முதல் 125 மைக்ரான் இருந்தால்தான் அது நடக்கிறது. சில வாரங்களில் கரைந்துவிடவும் வேண்டும். சீக்கிரம் கரைந்தால் காயம் சுருங்குகிறது, கரையாமல் கிடந்தால் அதுவே தழும்புக்கு வழி. 1996-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. செல் எதையும் விதைக்காமல், பொருளின் கட்டமைப்பால் மட்டும் கிடைத்த பலன் இது. இன்றும் நான் இதைப் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன்.

டைட்டானியமும் உண்டு. பிரோனமார்க் 1965-ல் முதல் நோயாளிக்குப் பல் வேருக்குப் பதிலாக வைத்தார், எலும்பு நேராக அதன் மேல் வளர்ந்து ஒட்டியது. பிறகு பரப்பைச் சொரசொரப்பாக்கினால் எலும்பு இன்னும் நன்றாக ஒட்டுகிறது என்று தெரிந்தது. நீங்கள் பேசும் நானோ அளவுச் சங்கதிகளுக்கு மருத்துவத்தில் கிடைத்த முன்னோடி அதுதான்.

ஆனால் வளர்ச்சிக் காரணியைப் பற்றி இங்கே எல்லோரும் இலேசாகப் பேசுவதால் ஒன்று சொல்ல வேண்டும். 1965-ல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு வருகிறது என்று காட்டினார். அந்தத் தேடலில் பிறகு கிடைத்த, எலும்பைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான பிஎம்பி-2 புரதத்தை ஒரு கொலாஜன் பஞ்சில் ஊற வைத்து முதுகெலும்பை இணைக்கும் சிகிச்சைக்கு 2002-ல் அனுமதி வந்தது. எலும்பு நன்றாகவே வளர்ந்தது. சிலருக்கு வேண்டாத இடத்திலும் வளர்ந்தது. கழுத்தில் பயன்படுத்தியபோது வீக்கம் மூச்சையே அடைக்கும் அளவுக்குப் போனதால் 2008-ல் எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. காரணம் புரதம் மட்டும் அல்ல, பஞ்சும்தான். அது புரதத்தைப் பிடித்து வைக்காது. உடலில் நானோகிராம் கணக்கில் இருக்கும் ஒன்றை, மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வீதம் ஊற்ற வேண்டியிருந்தது. மருந்து எவ்வளவு நல்லதானாலும் அதைத் தாங்கும் பொருள் சரியில்லை என்றால் நோயாளிதான் விலை கொடுக்கிறார்.

கடைசியாக, உங்கள் ஜெல் 30 கிலோபாஸ்கலோ 3 கிலோபாஸ்கலோ, இரத்தக்குழாயிலிருந்து 100, 200 மைக்ரானைத் தாண்டினால் ஆக்ஸிஜன் போய்ச் சேராது. ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் நடுவில் இருக்கும் செல் எலும்பாகலாமா கொழுப்பாகலாமா என்று யோசிக்கும் நிலையில் இருக்காது, செத்துப்போயிருக்கும். என்னைக் கேட்டால் முதல் கேள்வி குழாய், இரண்டாவது நோய் எதிர்ப்பு, மூன்றாவதுதான் விறைப்பு.

அச்சுக்கலை

டாக்டர் சொன்ன இரண்டாவதைக் கொஞ்சம் விரிக்கிறேன். எந்தப் பொருளை உள்ளே வைத்தாலும் சில நொடிகளில் இரத்தப் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். செல் பார்ப்பது நாம் வடிவமைத்த பரப்பை இல்லை, அந்தப் படிவை. அப்புறம் மேக்ரோஃபேஜ்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) வரும், விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஒன்றோடொன்று இணைந்து பெருஞ்செல்லாகும், சில வாரங்களில் பொருளைச் சுற்றி ஒரு கொலாஜன் உறை. அதற்குள் இரத்தக்குழாய் அரிது.

இதில் துளையளவு வேலை செய்கிறது. ஒரே சீரான 30 முதல் 40 மைக்ரான் துளைகள் உள்ள பொருளில் உறை மெலிகிறது, குழாய்கள் அதிகம் வருகின்றன என்று ராட்னர் குழு காட்டியிருக்கிறது. ஆனால் எலும்புத் தாங்கிகளுக்கு 300 மைக்ரான் அளவைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள், குழாயும் எலும்பும் சேர்ந்து உள்ளே போக வேண்டுமே. தோலுக்கு டாக்டர் சொன்ன கணக்கு வேறு. எல்லாத் திசுவுக்கும் பொருந்தும் ஒரு துளையளவு கிடையாது. நான் அச்சிடும் தாங்கிகளில் பெரிய வாய்க்கால்களையும் நுண்துளைகளையும் ஒரே கட்டமைப்பில் வைக்கப் பார்ப்பது இதனால்தான்.

மெல்லிழை

> முதல் கேள்வி குழாய், இரண்டாவது நோய் எதிர்ப்பு, மூன்றாவதுதான் விறைப்பு.

டாக்டர், இந்த வரிசையை ஏற்க முடியவில்லை. இவை தனித்தனிக் கேள்விகள் இல்லை. குழாயைக் கட்டுவதும் செல்தான், அதுவும் வலையை இழுத்து அறுத்துத்தான் முன்னேறுகிறது. பெரிய துளைகளும் இல்லாத, அறுக்கவும் முடியாத ஜெல்லுக்குள் குழாய் நுழைவது கடினம்.

நீங்கள் சொன்ன பஞ்சுப் பிரச்சினைக்கே இதில் ஒரு விடை இருக்கிறது. 2003-ல் லுட்டோல்ஃப், ஹப்பெல் குழு பிஎம்பி-2-ஐச் செல்லின் நொதியால் அறுபடும் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஜெல்லில் வைத்து, எலிகளின் மண்டையோட்டில் உண்டாக்கிய ஓட்டையில் இட்டது. செல்கள் அறுத்துக்கொண்டு உள்ளே வந்தன, வரவர ஜெல் இடம்விட்டது, எலும்பு அந்த இடத்தை நிரப்பியது. அறுபடாத ஜெல்லில் அது நடக்கவில்லை, அதே மருந்து இருந்தும்கூட. செல்லே தனக்கு வேண்டிய வேகத்தில் பொருளைத் திறந்துகொள்ளும் ஏற்பாடு இது. மருந்தின் அளவைக் குறைக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழியும் இதுதான்.

வெண்சங்கு

அது சரி, எலியின் மண்டையோட்டில் சரி. மனிதனின் தொடை எலும்பில் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி, சுற்றியுள்ள தசை நைந்து, கிருமியும் தொற்றியிருக்கும். அங்கே அறுக்க வரும் செல்லே குறைவு. உங்கள் வாதத்தை மறுக்கவில்லை, செல் வரும் என்ற அனுமானத்தை மட்டும் வடிவமைப்பில் எழுதி வைக்காதீர்கள் என்கிறேன்.

இளங்கதிர்

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டத்தை மாற்றி எழுதினேன். விறைப்பு ஒன்றே, சுமார் 17 கிலோபாஸ்கல். தளரும் நேரம் இரண்டு வகை. ஆர்ஜிடி உள்ளதும் இல்லாததும். எலும்பைத் தூண்டும் ஊடகம், சாதாரண ஊடகம் இரண்டிலும். எலும்பு வந்ததா என்று அலிசரின் சிவப்புச் சாயத்தால் பார்க்கலாம் என்றிருக்கிறேன். போதுமா?

நுண்வலை

திட்டம் இப்போது நன்றாக இருக்கிறது தம்பி. சாயத்தில்தான் சிக்கல். அலிசரின் சிவப்பு பிடிப்பது கால்சியத்தை. உங்கள் ஆல்ஜினேட்டை இணைத்து வைத்திருப்பதே கால்சியம். செல் இல்லாத ஜெல்லும் சிவக்கும். ஒவ்வொரு வகைக்கும் செல் இல்லாத ஜெல்லை அதே ஊடகத்தில் அதே நாள்கள் வைத்து ஒப்பிடுங்கள். சாயத்தை மட்டும் நம்பாமல் எலும்பாகும் செல்லில் இயங்கும் ரன்எக்ஸ்-2, ஆஸ்டியோகால்சின் மரபணுக்களின் வெளிப்பாட்டையும், அல்கலைன் பாஸ்படேஸ் நொதியின் செயல்பாட்டையும் வெவ்வேறு நாள்களில் பாருங்கள்.

அளவீட்டில் இரண்டு விஷயம். ரியோமீட்டர் (ஜெல்லை முறுக்கி அளக்கும் கருவி) கொடுப்பது வெட்டு மாடுலஸ், அதாவது பக்கவாட்டில் சாய்க்கும்போது உள்ள விறைப்பு. ஆய்வுகளில் வரும் 17, 30 எல்லாம் பெரும்பாலும் யங் மாடுலஸ், அதாவது இழுக்கும்போதோ அமுக்கும்போதோ உள்ள விறைப்பு. நீர் நிறைந்த ஜெல்லுக்கு இரண்டுக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். ரியோமீட்டரில் 17 என்று வந்தால் உங்கள் ஜெல் 50-க்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். மற்றது, ஜெல்லைச் செய்த உடனே அளக்காதீர்கள். ஊடகத்தில் ஊறி உப்பிய பிறகு அளங்கள், கடைசி நாளில் மறுபடியும் அளங்கள். ஊடகத்தில் உள்ள சோடியமும் பாஸ்பேட்டும் கால்சியத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் ஆல்ஜினேட் நாள்பட இளகும்.

இளங்கதிர்

இளகுவதைத் தடுக்க ஊடகத்தில் கால்சியம் குளோரைடு சேர்க்கலாமா அக்கா?

நுண்வலை

கொஞ்சம் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் கால்சியமே செல்லுக்கு ஒரு சைகை, எலும்புப் போக்கையும் தூண்டும். சேர்த்தால் எல்லா வகைக்கும் ஒரே அளவில் சேருங்கள், சேர்க்காத ஒரு தொகுப்பையும் வையுங்கள். முதல் வார அளவீடுகள் வந்ததும் வரைபடத்தை இங்கே போடுங்கள், தளரும் நேரத்தைச் சேர்ந்து கணக்கிடலாம்.